பார்க்கலாம் என்ற பதில்

முதல் பணம் போடும் தொழிலை உமையாளிடம் கற்றுக்கொள்ள வந்தவர் தேவசகாயம். கற்றுக்கொடுப்பவருக்கு நாற்பத்து மூன்று வயது. கற்க வந்தவருக்கு ஐம்பத்தெட்டு. ஆகவே குரு சீடரை சார் என்று கூப்பிட்டார். சீடர் குருவை அம்மா என்றார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

உமையாளின் அலுவலகம் சென்னை அடையாறில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில் இருந்தது. புதிதாக ஸ்டார்ட்அப் தொடங்குகிறவர்கள், கையில் ஒரு யோசனையும் மடிக்கணினியும் மட்டும் இருக்கும் நேரத்தில் அங்கே படியேறி வருவார்கள். சரி என்று பட்டால் உமையாள் பணம் போடுவார். பதிலுக்கு அந்த நிறுவனத்தில் ஒரு பங்கு வாங்கிக்கொள்வார். நிறுவனம் வளர்ந்தால் பங்கும் வளரும். பெரும்பாலும் வளராது. அப்போது போனது போனதுதான்.

அறையில் நான்கு நாற்காலிகள். ஒன்று ஆடும். வருகிறவர்களை உமையாள் அதில் உட்கார விடமாட்டார். அவரே உட்காருவார்.

தேவசகாயம் நாகர்கோவில்காரர். வங்கியில் கடன் பிரிவில் முப்பது வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். சேர்ந்த சில நாட்களில் ஒரு காலை அவர் கேட்டார்.

“அம்மா, பாங்க்ல பத்திரத்தைப் பார்ப்போம். இங்கே பார்க்க ஒண்ணுமே இல்லையே. எதுக்கு சரின்னு சொல்றதுன்னு எப்படித் தெரியும்?”

“பதினோரு மணிக்கு ஒரு பொண்ணு வர்றாங்க,” என்றார் உமையாள். “நீங்களே கேளுங்க. பதிலும் நீங்களே சொல்லிடுங்க.”

“நீங்க?”

“நான் ஆடற நாற்காலியில இருக்கேன்.”

வந்தவள் பெயர் கோகிலவாணி. கோவைக்குப் பக்கத்தில் சோமனூர்ப் பெண். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சம்பளமில்லாத விடுப்பில் இருந்தாள். பையிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இதை விசைத்தறியில மாட்டிட்டா, தறி ஓடற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கும் சார். நூல் அறுபடப் போகுதுன்னா சத்தம் கொஞ்சம் மாறும். நம்ம காதுக்குத் தெரியாது. இதுக்குத் தெரியும். உடனே சிவப்பு விளக்கு எரியும். தறியை நிறுத்தி சரி பண்ணிக்கலாம். கழிவு நூல் பாதியாக் குறையுது.”

“எங்கே வச்சுப் பார்த்தீங்க?”

“பன்னண்டு தறியில, சார். ஆறு மாசமா ஓடுது. நானும் ஜாகீரும் சேர்ந்து செய்யறோம். காலேஜ்ல கூடப் படிச்சவன்.”

தேவசகாயம் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தறிக்காரர்கள் இதற்கெல்லாம் காசு கொடுப்பார்களா என்று நினைத்தார். கொடுக்க மாட்டார்கள் என்று தோன்றியது. பெண்ணைப் பார்த்தார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“மாசக் கடைசியில என் லீவு முடியுது சார்,” என்றாள் கோகிலவாணி. “திரும்பிப் போகணும், இல்லைன்னா வேலையை விட்டுடணும். என் சம்பளத்துலதான் தம்பி படிக்கறான். அதனால உங்க பதில் தெரிஞ்சா நல்லாயிருக்கும்.”

தேவசகாயம் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“நல்லா செஞ்சிருக்கீங்க,” என்றார். “பார்க்கலாம்.”

அவள் முகம் மலர்ந்தது. எழுந்து இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். படியிறங்கும் சத்தம் வேகமாகக் கேட்டது.

“என்ன சார் சொன்னீங்க?” என்று உமையாள் கேட்டார்.

“வேண்டாம்னுட்டேன்.”

“எனக்குக் கேட்கலையே. பக்கத்துலதான் இருந்தேன்.”

“பார்க்கலாம்னு சொன்னேனே அம்மா. முப்பது வருஷமா அப்படித்தான். கடன் கேட்டு வர்றவங்க அந்த வார்த்தையைக் கேட்டதும் குடையை எடுத்துக்கிட்டு எழுந்துடுவாங்க.”

“இந்தப் பொண்ணு குடை கொண்டுவரலை,” என்றார் உமையாள்.

“வேற எப்படிச் சொல்றது? இந்தத் தொழில்லயும் எல்லாரும் இதைத்தானே சொல்றாங்க. நாளைக்கு அந்தக் கம்பெனி பெரிசா வந்துட்டா, வேண்டாம்னு சொன்னவன் மூஞ்சியை எங்கே வச்சுக்கறது?”

உமையாள் எழுந்தார். கோகிலவாணி குடிக்காமல் வைத்துப்போன காப்பியை எடுத்துக்கொண்டு போய் ஊற்றிவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்தார்.

மறுநாள் தேவசகாயம் விடுப்புக் கேட்டார்.

“மகள் வழிப் பேத்திக்கு ஞானஸ்நானம் அம்மா. மாசக் கடைசி ஞாயிறு, நாகர்கோவில்ல. முன்னாடி ரெண்டு நாள், பின்னாடி ஒரு நாள் லீவு வேணும்.”

“பார்க்கலாம் சார்,” என்றார் உமையாள்.

தேவசகாயம் அவர் முகத்தைப் பார்த்தார். உமையாள் வேறு வேலையில் ஆழ்ந்திருந்தார். முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை.

அன்று மகள் ஜெபக்கனி தொலைபேசியில் கேட்டாள். “என்னப்பா, வாறீங்களா?”

“பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க மக்ளே.”

“அப்படின்னா வாறீங்க?”

“அப்படின்னா... பார்க்கலாம்.”

“அப்பா, பிள்ளையைக் கையில வச்சிட்டு நிக்க ஒரு தாத்தா வேணும். நீங்க வரலைன்னா எங்க மாமனாருகிட்ட சொல்லணும். கடைசி நேரத்துல சொன்னா அவரு முகத்தைத் தூக்கி வச்சுக்கிடுவாரு.”

“ரெண்டு நாள் பொறு மக்ளே.”

ரயிலில் இடம் இருந்தது. தேவசகாயம் திரையில் அதைப் பார்த்தார். பணம் கட்டும் இடம் வரை போய்த் திரும்பினார். விடுப்பு இல்லை என்றால் டிக்கெட் வீண். இருக்கிறது என்றால் எடுக்காமல் விட்டது தவறு. கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

இரண்டு நாள் கழித்துக் கோகிலவாணி கூப்பிட்டாள்.

“சார், பார்த்தீங்களா?”

“பார்த்துக்கிட்டிருக்கோம்மா.”

“வேலையை விடறதா இருந்தா இந்த வாரமே எழுதிக் கொடுக்கணும் சார். கொடுத்துடலாமா?”

“அவசரப்படாதீங்க.”

“சரி சார். அவசரப்படலை. உங்க மேல நம்பிக்கை இருக்கு.”

தேவசகாயம் கைப்பேசியை வைத்தார். உமையாள் ஆடும் நாற்காலியின் காலடியில் ஒரு அட்டையை மடித்துச் செருகிக்கொண்டிருந்தார். ஆட்டம் நிற்கவில்லை.

ஜெபக்கனி மறுபடி கேட்டாள். தேவசகாயம் மறுபடி பொறுக்கச் சொன்னார். அவள், “நீங்க எப்பவும் இப்படித்தான்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ரயிலில் இடம் குறைந்தது. பிறகு காத்திருப்போர் பட்டியல் வந்தது. பிறகு அதுவும் நீண்டது.

மறுநாள் காலை தேவசகாயம் பையை வைத்துவிட்டு நேராக உமையாளின் மேசைக்கு வந்தார்.

“அம்மா, லீவு உண்டா, இல்லையா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. மகளுக்குப் பதில் சொல்லணும். அவ மாமனாரையாவது கூப்பிட்டுக்குவா.”

“இல்லை சார்.”

தேவசகாயம் இதை எதிர்பார்க்கவில்லை.

“ஏன்?” என்று கேட்டார்.

உமையாள் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

“தெரியலை,” என்றார். “அந்த வாரத்துல உங்களுக்குப் பெரிசா வேலை ஒண்ணும் கிடையாது. நீங்க போறதுல எனக்கு நஷ்டமும் இல்லை. நீங்க ஏன்னு கேட்டப்புறம்தான் தேடறேன். காரணம் ஒண்ணுமே இல்லை. போயிட்டு வாங்க.”

தேவசகாயம் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.  பிறகு கைப்பேசியை எடுத்துக் கோகிலவாணியைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்க சார்.”

“கோகிலவாணி, உங்க விஷயம் வேண்டாம்னு நினைக்கறோம்.”

 மறுமுனையில் தூரத்தில் தறி ஓடுவது கேட்டது.

“ஏன் சார்?”

“தறிக்காரங்க காசு கொடுத்து வாங்க மாட்டாங்க.”

“யாரைக் கேட்டீங்க சார்?”

அவள் குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.  தேவசகாயம் யாரையும் கேட்கவில்லை. விசைத்தறி ஓடி அவர் பார்த்ததே இல்லை.

“வெள்ளிக்கிழமை சோமனூர் வர்றேன்,” என்றார். “பணம் கொண்டு வர்றேன்னு நினைச்சுக்காதீங்க. வேண்டாம்னு சொல்லக் காரணம் இருக்கான்னு பார்க்க வர்றேன்.”

“வாங்க சார். காரணம் கிடைக்கலைன்னா?”

“அதையும் உங்க முகத்தைப் பார்த்தே சொல்றேன்.”

நாகர்கோவிலுக்கு நேராகப் போக இனி டிக்கெட் இல்லை. கோவை வரை ஒரு வண்டியும், அங்கிருந்து மறுநாள் இன்னொரு வண்டியும் கிடைத்தது. சுற்றுவழிதான். ஜெபக்கனியிடம் வருகிறேன் என்று சொன்னார். “நெசமாவா?” என்று அவள் இரண்டு முறை கேட்டாள்.

சோமனூரில் கோகிலவாணியும் ஜாகீரும் ரயில் நிலையத்துக்கே வந்திருந்தார்கள். ஜாகீர் ஒல்லியான பையன். தேவசகாயத்தின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

கோகிலவாணியின் அப்பாவுக்குச் சொந்தமாகத் தறிக்கூடம் இருந்தது. உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. சத்தத்தில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஒரு தறியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கோகிலவாணியின் அப்பா தறியை நிறுத்தினார். ஒரு இழை மட்டும் சிலும்பி, அறுபடத் தயாராகத் தொங்கியது. அதை முடிச்சுப் போட்டு மறுபடி ஓட விட்டார். பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

பெட்டி சொன்னபடி வேலை செய்தது. தேவசகாயத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும் அவர் கோகிலவாணியின் அப்பாவிடம் கேட்டார். வங்கியில் யார் எதைக் காட்டினாலும் அவர் முதலில் கேட்கும் கேள்வி அது.

“இது யாருதுங்க?”

“எதுங்க? தறியா?”

“தறி, நூல், எல்லாம்.”

“எல்லாம் நம்மளதுதானுங்க. நானும் எங்கண்ணனும் சொந்தமா நூல் வாங்கிப் போட்டு ஓட்டறமுங்க.”

“தெருவுல எல்லாரும் அப்படித்தானா?”

“கேட்டுப் பாருங்க,” என்றார் அவர்.

தேவசகாயம் தெருவில் நடந்தார். கோகிலவாணியும் ஜாகீரும் பின்னால் வந்தார்கள். முதல் கூடத்தில் நூல் யாருடையது என்று கேட்டார். இரண்டாவதில் கேட்டார். மூன்றாவது கூடம் ஆறுச்சாமி என்பவருடையது. அவர் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“நூலுங்களா? நூலு நம்மளது ஏதுங்க. இந்தத் தெருவுல நாங்க எல்லாருமே மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலிக்கு ஓட்டறமுங்க. நூலு குடுக்கறது ஜவுளிக்காரரு. கழிவுக்கு இவ்வளவு போகும்னு அவரே விட்டுருவாரு.”

“அதைவிடக் கழிவு குறைஞ்சா?”

“குறைஞ்சா அவருக்கு மிச்சம். நமக்கென்னங்க அதுல?”

“இந்தப் பெட்டியை வாங்குவீங்களா?”

ஆறுச்சாமி கோகிலவாணியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“நம்ம புள்ள செஞ்சதுங்க. நல்ல புள்ள,” என்றார். “பார்க்கலாமுங்க.”

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார்.

தெருமுனையில் ஒரு டீக்கடை இருந்தது. மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. தேவசகாயம் அதைத் தொடவில்லை.

“கோகிலவாணி, நாங்க பணம் போடலை,” என்றார். முப்பது வருடத்தில் யார் முகத்தையும் பார்த்து அவர் இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை.  “பெட்டியில குறை ஒண்ணுமில்லை. ஆனா நீங்க வச்சுப் பார்த்த பன்னண்டு தறியும் உங்க அப்பாவோடதும் பெரியப்பாவோடதும். அவங்க நூல் அவங்களுது. மிச்சமானா வீட்டுக்கு லாபம். மத்தவங்க நூல் அவங்களுது இல்லை. மிச்சம் பிடிக்கற பெட்டியை, மிச்சம் கிடைக்காதவங்ககிட்ட விக்கறீங்க.”

ஜாகீர் பெஞ்சின் ஆணியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கோகிலவாணி தெருவைப் பார்த்தாள்.

“இதே தெருவுலதான் சார் பொறந்தேன்,” என்றாள். “எங்க வீட்டுல எப்பவும் நூல் நூல்னுதான் பேச்சு. எல்லா வீட்டுலயும் அப்படித்தான்னு நினைச்சுட்டேன்.”

“ஆறுச்சாமி உங்ககிட்ட இதைச் சொல்லலையா?”

“கேட்டேன் சார். பார்க்கலாம்னு சொன்னாரு. எல்லாருமே அப்படித்தான் சொன்னாங்க. வாங்கிடுவாங்கன்னு நினைச்சேன்.”

அவள் கைப்பேசியை எடுத்தாள்.

“ராஜினாமா மெயில் எழுதியே வச்சிருக்கேன் சார். உங்களுக்குக் காரணம் கிடைக்கலைன்னா சாயங்காலம் அனுப்பறதா இருந்தேன்.” அதை அழித்தாள். அழித்துவிட்டு ஜாகீரைப் பார்த்தாள். “திங்கள்கிழமை நான் வேலைக்குப் போறேன்டா. பெட்டி எங்கேயும் ஓடிடாது.”

“சனி ஞாயிறு வந்துடு,” என்றான் ஜாகீர்.

தேவசகாயம் எழுந்து பையைக் கேட்டார்.

“எங்கே சார் கிளம்பறீங்க? உங்க வண்டி நாளைக்குத்தானே. அம்மா கோழி அடிச்சிருக்காங்க.”

“இல்லைம்மா. வேண்டாம்னு சொல்லிட்டு எப்படி...”

“அதுக்கும் இதுக்கும் என்ன சார் இருக்கு,” என்றாள் கோகிலவாணி.

அவர் சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு போட்டபோது மறுக்கவில்லை. கோகிலவாணி குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே தன் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்பா, ஆறுச்சாமி மாமாவுக்கு நூல் குடுக்கறது யாரு? அவரு மொத்தம் எத்தனை கூடத்துக்குக் குடுக்கறாரு?” அவள் அம்மா, “மொதல்ல அவருக்குக் கொழம்ப ஊத்து,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் தேவசகாயம் பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். செவ்வாயன்று அலுவலகம் வந்தார்.

“என்ன சார் சொன்னீங்க?” என்று உமையாள் கேட்டார்.

“வேண்டாம்னு சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“சாப்பிட்டுப் போகச் சொன்னாங்க.”

உமையாள் தலையசைத்தார்.  அதற்குப் பின் வந்தவர்களில் பலருக்கு தேவசகாயம் வேண்டாம் என்று சொன்னார். எல்லோரும் ஏன் என்று கேட்டார்கள். பெரும்பாலும் அவரிடம் பதில் இருந்தது. பதில் இல்லாதபோது பையை எடுத்துக்கொண்டு நேரில் பார்க்கக் கிளம்பினார்.

மழைக்காலம் முடிந்த சமயம் கோகிலவாணி கூப்பிட்டாள்.

“சார், பணம் கேட்கக் கூப்பிடலை. நீங்க சொன்ன காரணம் சரின்னு சொல்லத்தான். ஆறுச்சாமி மாமாவுக்கு நூல் குடுக்கறவரைப் போய்ப் பார்த்தோம். அவர் ஒரு கூடம் முழுக்க மாட்டிப் பார்க்கச் சொன்னாரு. ஒரு மாசம் ஓடுச்சு. கழிவை எடை போட்டுப் பார்த்துட்டு, மீதிக் கூடத்துக்கும் போடுன்னுட்டாரு. பெட்டிக்கு அவரே காசு குடுக்கறாரு சார்.”

“வேலை?”

“வேலை இருக்கு சார். சனி ஞாயிறு இங்கே. தூக்கம்தான் இல்லை.”

“உங்க அம்மா?”

“கேட்டாங்க. அந்த வேண்டாம்னு சொன்ன சார் எப்ப வருவாருன்னு.”

தேவசகாயம் சிரித்தார். கைப்பேசியை வைத்துவிட்டு, நடந்ததை உமையாளிடம் அப்படியே சொன்னார். உமையாள் ஆடும் நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா, அன்னிக்கு ஒண்ணு கேட்டேன். எதுக்கு சரின்னு சொல்றதுன்னு. நீங்க இன்னும் பதிலே சொல்லலை.”

உமையாள் நாற்காலியை ஒரு முறை ஆட்டினார்.

“சரி, அது போகட்டும். இந்தப் பொண்ணுக்காவது இனி சரின்னு சொல்லலாமா?”

“பார்க்கலாம்,” என்றார் உமையாள்.

 தேவசகாயம் அலமாரியிலிருந்து தன் பையை எடுத்தார்.

“சோமனூருக்கு எந்த வண்டியிலம்மா?” என்று கேட்டார்.